நடுவுல என்னங்க இருக்கு?

எங்கள் பாடசாலை வேன் சாரதியை நான் முதன்முதலாகச் சந்தித்த காலையில், அவர் நான் கொடுத்த மாலு பாணை, மீன் அடைத்த பணிஸை, உடனே சாப்பிடவில்லை. பிய்த்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்து இறங்கியிருந்த விஞ்ஞான ஆசிரியை நான். பண்டாரவளைக் குளிரில் பல் கிட்டிக்கொண்டு, கடையில் வாங்கிய சூடான இரண்டில் ஒன்றை மரியாதைக்கு அவரிடம் நீட்டினேன். வாங்கினார், "சந்தோசங்க டீச்சர்" என்றார், நடுவால் பிளந்து வேனின் முன்விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் குனிந்து பார்த்தார்.

"மீன் இருக்குங்க" என்று எனக்கு அறிவித்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். பிறகு நான் பாதி தின்றுவிட்டிருந்த மற்றதைக் காட்டி, "உங்களோடதுல?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் குனிந்து பார்த்தேன். அதுதான் அவரோடு பழகுவதிலுள்ள வில்லங்கம். அவர் கேட்டுவிட்டால் நமக்கும் பார்க்கத் தோன்றிவிடும்.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். பெற்றோர் சங்கத்துக்குச் சொந்தமான வேனை ஓட்டினார். காலையில் பண்டாரவளையில் ஆசிரியர்களான எங்களை ஏற்றிவந்து பாடசாலையில் இறக்குவார். அப்படியே தோட்டத்து மேல் பிரிவின் தொழிலாளர் லயங்களுக்குப் போய், நடந்து வர முடியாத தூரத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருவார். பாதையின் ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. முதல் சில நாட்கள் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த தேவாரங்களையெல்லாம் மனதுக்குள் பாடிக்கொண்டு போனேன். பிறகு அதே இருக்கையில் தூங்கிவழிய ஆரம்பித்துவிட்டேன். அந்த வளைவுகளில் ஒருவர் ஓட்டும் வேனில் தூக்கம் வருகிறதென்றால், அவரைப் பற்றி அதற்கு மேல் நற்சான்று எதற்கு?

வேனை அவர் நிறுத்துவது பார்ப்பதற்காகத்தான். எதைக் கண்டாலும் அவருக்கு ஒரே கேள்வி: "நடுவுல என்னங்க இருக்கு?" ஒருமுறை காற்றுக்குச் சரிந்த பெரிய டர்பன்டைன் மரமொன்றை அறுத்து, பாதையோரம் உருட்டி விட்டிருந்தார்கள். அடிமரத்தின் மத்தியில் கறுப்பாக ஒரு பொந்து. வேன் நின்றது. நாங்கள் எல்லாரும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சேர்ட்டின் கையைச் சுருட்டிவிட்டுப் பொந்துக்குள் தோள்வரை கையை விட்டார். உள்ளே பாம்பு இருக்கும் என்று சங்கீத ஆசிரியை கத்தினார். அவர் கையை எடுத்து, தூளைத் தட்டிவிட்டு, மலர்ந்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"ஒண்ணுமில்லைங்க டீச்சர். வெறும் ஓட்டை."

"ஒண்டுமில்லாததுக்கோ இவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

"ஒண்ணுமில்லேன்னு இப்ப தெரிஞ்சிருச்சில்லங்க."

அன்று நாங்கள் பிந்திப் போனதற்கு அதிபர் என்னைத்தான் முறைத்தார். சாரதியை யாரும் முறைப்பதில்லை. முறைத்தால் ஏன் முறைக்கிறீர்கள் என்று அக்கறையோடு விசாரிப்பார்.

இப்படிப் பல கதைகள். பையன்களின் கிரிக்கெட் பந்து ஒன்று வேனுக்கடியில் உருண்டுவந்தபோது, அதை எடுத்துக்கொடுக்காமல் பிளேடால் கீறி உள்ளே பார்த்தார். நூல், நூலுக்குள்ளே தக்கை. பையன்கள் அழாத குறை. மறுநாள் அதைத் தைத்துக்கொண்டு வந்து கொடுத்தார், ஆனால் அந்தப் பந்து அதற்குப் பிறகு ஒருநாளும் நேராக எழும்பவில்லை. பையன்கள் அதைச் சுழல்பந்துக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டு, எதிரணியைப் படுத்தியெடுத்தார்கள். கோயில் திருவிழாவில் கும்பத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஐயரிடம் கேட்டிருக்கிறார். தண்ணீர் என்றார் ஐயர். "தண்ணிக்கு நடுவுல?" என்றாராம் இவர். ஐயர் அதன்பின் இவரைக் கண்டால் மணியை வேகமாக ஆட்டுவார் என்று பேச்சு.

அவருடைய மனைவி கொழுந்து எடுப்பவர். சிரித்த முகம், கூர்மையான வாய். ஒருநாள் என்னிடம் முறையிட்டார்: "வடைய பிச்சிப் பாப்பாரு, மாங்காய வெட்டிப் பாப்பாரு, பரவால்லைங்க. மகள நான் வயித்துல சொமந்தப்ப, காத வச்சிக்கிட்டு உள்ளுக்க பாத்து 'யாரு?'ன்னு கேட்டாருங்க டீச்சர். பதில் வர்ற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல."

தோட்டத்தில் அவரை அரைக் கிறுக்கு என்பவர்களும் உண்டு. ஆனால் எனக்கு அவரிடம் பிடித்துப்போனது கேள்வியல்ல, பதில்தான். காணாததைக் கண்டேன் என்று அவர் சொல்லவே மாட்டார். அந்தப் பக்கத்தில் அது லேசான காரியம் அல்ல. வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து கூட்டம் போட்டு "விளங்குதா?" என்று கேட்டால், மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் "ஆமாங்க" என்று சொல்லும். அது அறியாமை அல்ல. இல்லை என்று சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்க வேண்டிவரும் என்பது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தலைமுறையாகப் படித்த பாடம். டெங்கு பற்றி விளக்கப் பதுளையிலிருந்து வந்தவர்கள் சுவரில் படம் காட்டி, "எல்லாருக்கும் தெரியுதா?" என்றபோதும் அந்த ஆமாங்க வந்தது. பின்வரிசையிலிருந்து இவருடைய குரல் மட்டும் தனியாகக் கேட்டது: "இல்லைங்க. சன்னல் வெளிச்சம் அடிக்குது. நொளம்பு கால் மட்டுந்தான் தெரியுது." சன்னலைச் சாத்தினார்கள். அதன்பின் எல்லாருக்கும் உண்மையாகவே படம் தெரிந்தது.

கனடாவிலிருந்து வந்த என் தம்பி, தன் மகனுக்கு அலுத்துப்போன தொலைநோக்கியொன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். சிறிய பீப்பாய் அளவு. அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோக வேனில் ஏற்றியதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அவர் அதைக் கழற்றிப் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில், அதை மடியில் வைத்துக்கொள்ளாத குறையாகக் காவல் காத்தேன். அவர் கேட்டது வேறு.

"இதுல நீங்க என்ன காட்டப் போறீங்க?"

நெபுலா ஒன்று காட்டப் போவதாகச் சொன்னேன். எங்கள் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம், வயது போன காலத்தில் வீங்கி, தன் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி வெளியே தள்ளிவிடும். அந்த வாயு உருண்டையாக விரிந்து மிதக்கும். நடுவில் மிஞ்சுவது நட்சத்திரத்தின் சூடான கரு. அந்தக் கருவின் வெளிச்சம் பட்டுத்தான் சுற்றியுள்ள வாயு ஒளிர்கிறது. இதைக் கோள் நெபுலா என்கிறோம்.

"கோளுன்னா, செவ்வாய் வியாழன் மாதிரியா?"

"இல்லை அண்ணை. அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தக் காலத்துச் சின்னத் தொலைநோக்கியளுக்குள்ளாலை பாக்க, கோள் மாதிரி வட்டமாத் தெரிஞ்சிருக்கு. பேரை வைச்சிட்டினம்."

"அப்ப பேர் வச்சவங்களே சரியா பாக்கலையா?" என்றார். அவருக்கு அதில் அவ்வளவு திருப்தி. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, "அந்த நட்சத்திரம் செத்துருச்சா, உசிரோட இருக்கா?" என்று கேட்டார். இரண்டுக்கும் நடுவில் என்றேன். நடுவில் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாதையைப் பாருங்கோ என்று கத்தினேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த நட்சத்திரத்தின் சுகம் விசாரிப்பு. இன்னும் எரியுமா? அணைந்தால் புகைக்கு என்ன ஆகும்? புகை போனபின் அது மட்டும் தனியாக நிற்குமா? வெண்குள்ளன் என்று அதற்குப் பெயர், தனியாகத்தான் நிற்கும், மெதுமெதுவாக ஆறும் என்று நான் சொன்னேன். "பாவங்க" என்றார். எனக்கும் அது ஏதோ சொந்தக்காரரின் செய்தி போல ஆகிவிட்டது.

காற்று ஓய்ந்து, மழை இன்னும் தொடங்காத செப்டெம்பர் முடிவில் ஒரு மாலை. நிலவு இல்லை. பாடசாலை மைதானத்தில் தொலைநோக்கியை நிறுத்தினேன். இருட்டியதுமே மேல் பிரிவுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். வடக்கு வானில், சிலுவை போல நிற்கும் அன்னம் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் சிறகருகே இருக்கும் சின்ன நெபுலாவைத் தேடிப் பிடித்தேன். அதற்குக் கண்சிமிட்டி என்று செல்லப் பெயர். காரணம் நம்முடைய கண்தான். கண்ணின் நடுப்பகுதி வெளிச்சத்தில் கூர்மையாகப் பார்க்கும், இருட்டில் மங்கலானவற்றைக் கோட்டைவிடும். மங்கலைப் பிடிக்கக் கண்ணின் ஓரம்தான் கெட்டி. ஆகவே அதை நேராகப் பார்த்தால் நடுவிலுள்ள நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும், புகை மறைந்துவிடும். பார்வையைச் சற்று விலக்கினால் நீலப் பச்சையாகப் புகை பொங்கி வந்து நட்சத்திரத்தை மூடிவிடும்.

பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்தார்கள். நேரே பார், நட்சத்திரம். ஓரமாகப் பார், புகை. "வருது! போகுது! வருது!" என்று கூச்சல். பெற்றோரில் சிலர் கண்ணை வைப்பதற்கு முன்பே "தெரியுதுங்க டீச்சர்" என்றார்கள். நான் அவர்களை விடவில்லை, பிடித்து நிறுத்தி உண்மையாகவே பார்க்க வைத்தேன். கடைசியாக அவர் வந்தார். சேர்ட் கையைச் சுருட்டிவிட்டிருந்தார்.

வெகுநேரம் பார்த்தார். தலையை நிமிர்த்தவில்லை. பின்னால் பிள்ளைகள் நெளிந்தார்கள்.

"நட்சத்திரம் தெரியுதே அண்ணை?"

"இல்லைங்க."

"ஓரமாப் பாக்காமல் நேரே பாருங்கோ."

"நேராதாங்க பாக்குறேன். நேரா பாத்தா எல்லாமே போயிருது. ஓரமா பாத்தா புகை வருது. நடுவுல ஒண்ணும் இல்லைங்க."

குவியம் கலைந்திருக்குமோ என்று நான் பார்த்தேன். நட்சத்திரம் ஊசி குத்தினது போல அங்கேயே நின்றது. பக்கத்திலிருந்த சிறுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருக்கு டீச்சர் என்றாள். அவர் மீண்டும் குனிந்தார், மீண்டும் இல்லை என்றார். "தெரியுதுன்னு சொல்லிட்டு வாங்களேன், குளிருது" என்று அவருடைய மனைவி சலித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம்.

அவர் சிரிக்கவில்லை. மற்றக் கண்ணை வைத்தார்.

"அட! இந்தா இருக்கு!" என்று துள்ளினார். "எடது கண்ணுல இருக்குங்க டீச்சர்!" மறுபடி வலக்கண். "இதுல இல்ல." மறுபடி இடக்கண். "இருக்கு." இதென்ன வித்தை என்பது போல மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தொலைநோக்கியை விட்டு எழும்பி, வகுப்பறை விறாந்தையில் எரிந்த பல்பின் கீழே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"டீச்சர், உங்க மூஞ்சில மூக்கக் காணோம்" என்றார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, "இப்ப வாய் போயிருச்சு, இப்ப பொட்டு போயிருச்சு" என்று அறிவித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய சிரிப்பும் அடங்கிற்று. மைதானத்தின் ஓரத்தில் நின்ற வேனைப் பார்த்தார், வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

"இன்னைக்கு நான் வண்டி எடுக்கலைங்க" என்றார்.

மற்றக் கண் நன்றாக இருக்கிறதே என்றார் அதிபர். இந்தப் பாதையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நீர் ஓட்டுவீரே என்றும் சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை. மேல் பிரிவுக்காரர்கள் அன்று கைபேசி வெளிச்சத்தில் தேயிலைக்கூடாகக் குறுக்குப் பாதையில் ஏறிப் போனார்கள். அவர் கடைசி ஆளாக, தூங்கிவிட்ட ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த வாரமே பதுளை ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். வைத்தியர் எங்கள் ஊர்ப்பக்கத்தவர், பொறுமைசாலி. விழித்திரையின் சரியான மையத்தில் ஒரு துளை விழுந்திருக்கிறது என்றார். ஒரு கண்ணில் விழுந்ததை மற்றக் கண் ஈடுகட்டிவிடும், அதனால் பலருக்கு வெகுகாலம் தெரிய வராது, தற்செயலாக ஒரு கண்ணைப் பொத்தும்போதுதான் பிடிபடும் என்றார். கொழும்புக்குப் போய் விரைவில் சத்திரசிகிச்சை செய்துகொள்ள வேண்டும். பிந்தினால் மூடுவது கஷ்டம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மெதுவாகக் கேட்டார்: "அந்த ஓட்டைக்கு நடுவுல என்னங்க இருக்கு?"

"ஒண்டும் இல்லை. அதுதான் பிரச்சினை" என்றார் வைத்தியர்.

கொழும்பிலிருந்து அவர் எனக்குப் பேசியபோது குரலில் கொண்டாட்டம். கண்ணை வெட்டாமலே குறுக்கே வெட்டியது போலப் படம் பிடித்துக் காட்டும் மெஷின் ஒன்றைக் கண்டுவிட்டார். "என் கண்ணோட நடுவ நானே பாத்துட்டேங்க டீச்சர்! மலைக்கு நடுவுல பள்ளம் விழுந்தாப்புல இருக்கு!" வலி, பயம், எதையும் சொல்லவில்லை. சிகிச்சையில் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை ஏற்றி விட்டார்கள். அந்தக் குமிழி துளையின் மேல் அழுந்தி நின்று அதை மூடவைக்க வேண்டும். அதற்காக அவர் குப்புறவே படுக்க வேண்டும், குனிந்தபடியே சாப்பிட வேண்டும். எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கும் மனிதர் நாள் முழுவதும் சிமெந்துத் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அதைவிடக் கடுமையான கட்டளை ஒன்றும் இருந்தது. குமிழி கரைந்து முடியும்வரை மலை ஏறக்கூடாது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அமுக்கம் குறையும், கண்ணுக்குள்ளிருக்கும் வாயு விரியும், அமுக்கம் தாங்காமல் பார்வையே போய்விடலாம். மலையில் பிறந்து மலையிலேயே வேன் ஓட்டிய ஆளை, வீட்டுக்குப் போகாதே என்று சொல்லிவிட்டார்கள். மொனராகலையில் அவருடைய தங்கை இருந்தார். தெற்குக் கரையோரமாகச் சுற்றிப் போனால் எங்கும் மலை ஏறாமல் மொனராகலைக்குப் போய்விடலாம் என்று பாதையை அவரே சொன்னார். ஊருக்குப் போகாமல் ஊருக்குக் கீழே போய் இருந்தார்.

அங்கிருந்து அடிக்கடி பேசினார். வெக்கை தாங்கவில்லை, கரும்புக் காட்டுப் புழுதி, தங்கை வீட்டுக் கோழிகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன. பிறகு குமிழியின் செய்தி. "கீழ குனிஞ்சு பாத்தா வட்டமா நடுவுல வந்து நிக்குதுங்க. சுத்தி கறுப்பா ஒரு வெளிம்பு. நீங்க காட்டின புகை மாதிரியே இருக்கு, நட்சத்திரந்தான் இல்ல." நாளுக்கு நாள் அது சிறுத்தது. முதலில் தட்டளவு, பிறகு தோடம்பழம், பிறகு பாக்கு. அவர் சொல்லச் சொல்ல நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து பிள்ளைகளுக்குக் காட்டினேன். பிள்ளைகளை அப்போது ஒரு தற்காலிகச் சாரதி ஏற்றிவந்தார். அவர் எதற்கும் வேனை நிறுத்துவதில்லை. நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.

ஒரு பிற்பகல் அவருடைய அழைப்பு வந்தபோது பின்னணியில் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

"எங்கை நிக்கிறியள் அண்ணை?"

"கொஸ்லந்தைக்குக் கிட்டங்க."

அடிவாரத்து வெல்லவாயவிலிருந்து மலை ஏறும் பாதை அது. வீட்டு நினைப்பில் புறப்பட்டுவிட்டாராக்கும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை.

"மேல ஏறினா பெருசாகும்னு சொன்னாங்கள்ல. அது எப்பிடித்தான் பெருசாகுதுன்னு பாக்கலாம்னு ஏறினேங்க." குரல் தாழ்ந்தது. "ஆகுது டீச்சர். பாக்கு இப்ப பாக்கா இல்ல. உள்ளுக்க யாரோ பெருவெரல வச்சு அமுக்கற மாதிரி இருக்கு."

"உங்களுக்கென்ன விசரே? இறங்குங்கோ! இப்பவே இறங்குங்கோ! கண் போனால் திரும்பி வராது!"

ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டு கத்தினேன். அவர் இறங்கினார். கீழே போகும் பஸ் வரும்வரை தொலைபேசியை நான் வைக்க விடவில்லை. பஸ் வந்தது, ஏறினார். வெல்லவாய வந்ததும் வலி குறைந்துவிட்டது என்று பேசினார். "இப்ப மறுபடி பாக்காயிருச்சுங்க. அவங்க சொன்னது நெசந்தான்." அந்தக் கணத்தில் அவர் என் முன்னால் இருந்திருந்தால் குடையால் அடித்திருப்பேன். இந்த மனிதருக்குப் பார்ப்பதற்காகக் கண் வேண்டுமா, அல்லது கண்ணைக் கொடுத்தாவது பார்க்க வேண்டுமா என்று எனக்கு விளங்கவில்லை. அன்றுதான் முதன்முறையாக அவரை நினைத்துப் பயந்தேன்.

நல்லவேளை, கண் தப்பிற்று. குமிழி கரைந்தது, அவர் ஊர் வந்தார். துளை மூடிவிட்டது என்று கொழும்பிலும் பதுளையிலும் சொன்னார்கள். வலக்கண்ணில் என் மூக்கு திரும்பி வந்திருந்தது, கொஞ்சம் கோணலாக. "முந்தியும் அப்பிடித்தானோ என்னமோ" என்று அவர் சொன்னபோது நான் முறைத்தேன். வேன் ஓட்டத் தடையில்லை என்று பதுளை வைத்தியர் கூறிவிட்டார். மேல் பிரிவுப் பிள்ளைகள் வேனைக் கழுவி, முன்கண்ணாடிக்குக் கீழே செவ்வந்தி மாலை கட்டினார்கள். பாடசாலையில் புதிய தவணை தொடங்க இருந்தது.

தவணைக்கு முதல் நாள் அவர் வெறும் வேனை எடுத்துக்கொண்டு மேல் பிரிவுவரை தனியாகப் போய் வந்தார். நான் அதிபரின் அறையில் நேர அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். பெற்றோர் சங்கச் செயலாளரும் அங்கே இருந்தார். மேல் பிரிவில் கொழுந்தெடுக்கும் பெண், அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்த வேனில் வருபவர்கள். சாரதி உள்ளே வந்து சாவியை மேசையில் வைத்தார்.

"வேற ஆளப் பாருங்க சார். நான் ஓட்டலைங்க."

அதிபர் பேனாவை வைத்தார். "என்னாங்க இது? டாக்டரே ஓட்டலாம்னு சொல்லிட்டாரே."

"டாக்டர் என் கண்ணப் பாத்தாரு சார். சரியாதான் பாத்தாரு. அந்தக் கண்ணால பாக்குறது நான்தானே."

"இப்ப நல்லா தெரியுதுல்ல?"

"தெரியுதுங்க. ரெண்டு கண்ணுலயும் தெரியுது. வளைவெல்லாம் நல்லாவே எடுத்தேன்." வலக்கண்ணைத் தொட்டுக் காட்டினார். "ஆனா இந்தக் கண்ணு எப்பப் போச்சுன்னு எனக்குத் தெரியாது சார். எத்தன நாள் இந்தப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஒத்தக் கண்ணுல ஓட்டினேன்னும் தெரியாது. எல்லாத்தையும் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தவன், இத பாக்கல. மத்த கண்ணுலயும் வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வந்தா மட்டும் தெரியவா போகுது? சத்தம் போட்டுக்கிட்டா வரும்?"

வருடக்கணக்காக அவருக்குப் பின்னால் அமர்ந்து தூங்கியவள் நான். அந்தப் பாதையோரப் பள்ளங்கள் எல்லாம் அன்று ஒன்றாக என் கண்முன் வந்தன. அதே நேரத்தில், என் உயிரைக் கொடுத்துவைக்க இவரைவிட நல்ல ஆள் எனக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை என்றும் தெரிந்தது.

செயலாளர்தான் எழும்பினார். சாவியை எடுத்து அவர் பக்கமாகவே நீட்டினார்.

"அண்ணே, பேசாம நீங்களே ஓட்டுங்க. மத்தவங்க ஓட்டினா எங்களுக்குப் பயமா இருக்கு. எங்களுக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு."

அவர் சாவியை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு இல்லையே தங்கச்சி" என்றார்.